மாதவிக்கு எந்த வாயில்?

எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதந்தோறும் ஒரு ஞாயிறு மாலையில் சிலர் கூடிச் சிலப்பதிகாரம் படித்து வருகிறோம். ஆசிரியர் இருவர், உயர்தர வகுப்பு மாணவர் ஐவர், இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர், தையற்கடை நடத்தும் அம்மையார் ஒருவர். எங்கள் சபை இவ்வளவே. சென்ற மாதம் அரங்கேற்று காதையை முடித்தோம். மாதவி ஆடினாள். அரசன் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் அளித்தான். அந்த விலைக்கு ஈடான மாலையை ஏந்திக்கொண்டு, செல்வ இளைஞர் உலாவும் தெருவிலே கூனி ஒருத்தி நின்றாள். கோவலன் மாலையை வாங்கினான். கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

நான் நூலை மூடும் வேளையில் மாணவி ஒருத்தி எழுந்து ஒரு வினாத் தொடுத்தாள். "சேர், விலை குறித்துக் கொடுத்தது அரசு. மாலையை வாங்க வந்தவன் விலையைத் தராமல் ஏமாற்றியிருந்தால், அல்லது மாதவியை அடித்திருந்தால், அவள் எங்கே போய் முறையிட்டிருப்பாள்? கண்ணகிக்கு அரண்மனை வாயில் இருந்தது. மாதவிக்கு எந்த வாயில்?"

சபையில் ஒருவரும் பேசவில்லை. தபாலதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விடையை அடுத்த கூட்டத்தில் சொல்வதாகக் கூறி அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். ஆனால் அந்த வினா என்னை விடவில்லை. பல ஆண்டுகளாக நெஞ்சின் ஒரு மூலையில் கிடந்த காட்சியொன்றை அது கிளறிவிட்டது. அந்தக் காட்சியையும், அதன்பின் நான் படித்தும் சிந்தித்தும் அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். அம்மாணவிக்கு நான் தரும் விடை இதுவே.

துவிச்சக்கரவண்டியும் ஒரு பெண்ணும்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், என் துவிச்சக்கரவண்டி களவு போயிற்று. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்தேன். "மாஸ்ரர், இருங்கோ" என்று நாற்காலி தந்து, வண்டியின் நிறம், தொடரிலக்கம், மணி இருந்த பக்கம்வரை கேட்டு எழுதிக்கொண்டார்கள். சில வாரங்களில் கள்வன் அகப்பட்டான். சாட்சி சொல்வதற்காக நீதவான் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டேன்.

என் வழக்குக்கு முன்னதாக நான்கு பெண்கள் கூண்டில் ஏற்றப்பட்டனர். முதல்நாள் இரவு பேருந்து நிலையத்தருகே பிடிபட்டவர்கள். அவர்களுள் ஒருத்தி சேலைத் தலைப்பால் முகத்தின் ஒரு பாதியை மறைத்திருந்தாள். அவள் முறை வந்தபோது தலைப்புச் சரிந்தது. கண் ஒன்று வீங்கி மூடியிருந்தது.

"குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்கப்பட்டது.

"ஐயா, எனக்கு அடிச்சுப்போட்டுக் காசையும் பறிச்சுக்கொண்டு போனவன் ஆரெண்டு எனக்குத் தெரியும். பேரைச் சொல்லட்டோ?"

"கேட்டதற்கு மறுமொழி சொல்."

அவள் சற்று நின்றாள். பின்பு, "குற்றவாளி, ஐயா" என்றாள். நூறு ரூபா தண்டம். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அடுத்து என் பெயர் கூப்பிடப்பட்டது. வண்டியின் நிறத்தையும் மணியையும் பற்றிப் பத்து நிமிடம் சாட்சி சொன்னேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். வண்டியும் திரும்பக் கிடைத்தது.

அன்று எனக்கு அதில் ஒரு வேறுபாடும் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். "இவர்களைப் போன்றவர்கள்" என்று மனத்துள் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினேன். நீதவான்மீதோ பொலிசார்மீதோ இங்கே குறை கூறவும் நான் வரவில்லை. சட்டம் அவர்கள் கையில் தந்த கேள்வி ஒன்றே. அதையே அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதே ஆராயத்தக்கது.

ஒரு சட்டத்தின் பூர்வீகம்

அது கடல் கடந்து வந்த கேள்வி. நெப்போலியனோடு நடந்த போர்கள் ஓய்ந்தபின், வேலையும் வீடும் இல்லாமல் இங்கிலாந்தின் தெருக்களில் அலைந்தவர்களை அடக்குவதற்காக 1824இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அலைந்து திரிவோர் சட்டமொன்றை இயற்றியது. இரவலர், குறி சொல்வோர் முதலியோருடன் தெருவில் ஒழுங்கீனமாக நடக்கும் 'பொதுமகளிரும்' அச்சட்டத்தில் அடக்கப்பட்டனர். பதினேழு ஆண்டு கழித்து, 1841இல், இலங்கையின் குடியேற்ற ஆட்சி தன் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை அதே அச்சில் வார்த்தெடுத்தது. அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் என்று நாம் வழங்குவது அதுவே. 1889இல் விபசார விடுதிகள் பற்றிய கட்டளைச் சட்டம் அதனுடன் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிறந்த இவ்விரண்டும் 20ஆம் நூற்றாண்டு முழுவதையும் கடந்து 21ஆம் நூற்றாண்டுக்குள்ளும் நடந்து வந்தன. அந்நியர் ஆட்சி போயிற்று. அவர்கள் எழுதிவைத்த சட்டம் போகவில்லை.

இச்சட்டங்களைப் படிப்போர் வியப்புறும் செய்தி ஒன்றுண்டு. வயது வந்த ஒருத்தி தன் உடலைப் பணத்துக்குத் தருவது குற்றம் என்று இவற்றில் எங்கும் எழுதப்படவில்லை. பொதுவிடத்தில் நின்று அழைப்பது குற்றம்; விடுதி நடத்துவது குற்றம்; அதற்கு உதவுவதும் வீட்டை வாடகைக்குத் தருவதும் குற்றம். செயலைத் தொடாமல் செயலைச் சுற்றி நாற்புறமும் வேலியடைப்பது ஆங்கிலேயச் சட்டங்களின் வழக்கம். வேலிக்குள் நிற்பவள் பெண். வந்து போகும் ஆடவனோ வேலியைத் தாண்டிச் சென்றுவிடுகிறான். யார் பொதுமகள் என்பதையும் நடைமுறையில் தெருவில் ரோந்து செல்லும் காவலரே தீர்மானிக்கிறார். வீதியில் நடந்த பெண்ணா, வீதியில் 'நின்ற' பெண்ணா என்பது அவர் கண்ணில் இருக்கிறது.

இந்த ஓரவஞ்சனையைக் கண்டு முதலில் கொதித்தெழுந்தவர்களுள் ஒருவர் ஒரு கல்லூரி அதிபரின் மனைவி என்பதை எம் ஆசிரியர்கள் அறிந்தால் மகிழ்வர். ஜோசபின் பற்லர் என்பது அவர் பெயர். 1864 முதல் இங்கிலாந்தில் தொற்றுநோய்ச் சட்டங்கள் என்று சில சட்டங்கள் வந்தன. படைவீரர் தங்கும் நகரங்களிலும் துறைமுகங்களிலும், பொலிசார் ஐயுற்ற எந்தப் பெண்ணையும் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தலாம். நோய் கண்டால் அடைத்து வைக்கலாம். அவளிடம் வந்த வீரனுக்கோ சோதனை இல்லை. 1869 முதல் பற்லர் அம்மையார் ஊர்தோறும் சென்று பேசினார். மதிப்புள்ள குடும்பப் பெண் இந்தப் பொருளை வாயால் சொல்வதா என்று பத்திரிகைகள் ஏசின. கூட்டங்களில் கல் வீசினார்கள். பதினேழு ஆண்டுப் போராட்டத்தின் பின் 1886இல் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன.

அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து, 1957இல், வூல்பென்டன் என்பவரின் தலைமையில் அமைந்த குழு ஒரு புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டது. தனி மனிதரின் அந்தரங்க ஒழுக்கம் சட்டத்தின் அலுவல் அன்று என்பது அதன் கொள்கை. ஆயினும் அதே அறிக்கை தெருவில் நிற்கும் பெண்ணுக்குத் தண்டனையைக் கூட்டவேண்டும் என்றது. 1959இல் அவ்வாறே சட்டமும் ஆயிற்று. நல்லவர்கள் கூடி எழுதிய அறிக்கையிலும், தெருவைத் துப்புரவு செய்யவேண்டும் என்ற எண்ணம் இருந்ததே தவிர, தெருவில் நின்றவளுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி இடம்பெறவில்லை.

ஒரு வாக்கால் வந்த சட்டம்

அக்கேள்வியைச் சட்டசபையின் நடுவிலே எழுப்பிய நாடு ஒன்றுண்டு. அது நியூசிலாந்து.

அங்கும் 2003ஆம் ஆண்டுவரை நம்முடையதைப் போன்ற வேலியே இருந்தது. அழைத்த பெண் குற்றவாளி. பணம் தந்து வாங்கிய ஆடவன் குற்றவாளி அல்லன். அழைத்த குற்றத்துக்குத் தண்டம் பெற்றவள், உரிமம் பெற்ற உடற்பிடி நிலையங்களில் வேலை செய்யும் தகுதியையும் இழந்தாள். ஆகவே ஒரு முறை அகப்பட்டவள் மீண்டும் தெருவுக்கே தள்ளப்பட்டாள். 1987இல் இத்தொழிலில் இருந்த பெண்கள் சிலர் கூடித் தமக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அதை முன்னின்று நடத்திய கதரின் ஹீலி முன்னர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர். கரும்பலகையை விட்டு அத்தொழிலுக்குச் சென்றவர், பின் அத்தொழிலாளரின் குரலாக ஆனார். 2018இல் அரசு அவருக்கு 'டேம்' என்னும் உயர் பட்டத்தை அளித்தது.

2000ஆம் ஆண்டில் ரிம் பார்னெற் என்னும் தொழிற்கட்சி உறுப்பினர், தனி உறுப்பினர் பிரேரணையாகச் சீர்திருத்த மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். கட்சிக் கட்டளை இல்லாமல், ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று விடப்பட்டது. மூன்றாண்டு விவாதம் நடந்தது. 2003ஆம் ஆண்டு யூன் 25ஆந் திகதி இறுதி வாக்கெடுப்பு வந்தது. ஆதரவு 60, எதிர்ப்பு 59. அஷ்ரப் சௌதிரி என்னும் ஓர் உறுப்பினர் எப்பக்கமும் வாக்களியாது விட்டார். ஒரே வாக்கினால் மசோதா சட்டமாயிற்று.

அன்று பேசியவர்களுள் ஜோர்ஜினா பேயர் என்பவரும் ஒருவர். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்தவர். இளமையில் இத்தொழிலில் இருந்தவர். பின் ஒரு சிறு நகரத்தின் மேயராகவும், 1999 முதல் பாராளுமன்ற உறுப்பினராகவும் மக்களால் தெரிவு செய்யப்பட்டவர். 2023இல் காலமானார். அவர் புள்ளிவிபரம் எதையும் அடுக்கவில்லை. தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். முன்னொரு காலத்தில் தாம் பலாத்காரம் செய்யப்பட்டபோது இத்தகைய சட்டம் இருந்திருந்தால், பொலிசாரிடம் சென்று, ஆம், நான் இத்தொழில் செய்பவள்தான், ஆயினும் எனக்கு நடந்தது அநியாயம் என்று சொல்லியிருக்க முடியும் என்பதே அவர் பேச்சின் சாரம். மனம் ஊசலாடிக்கொண்டிருந்த உறுப்பினர் சிலரை அப்பேச்சே ஒரு பக்கம் சாய்த்தது என்பர்.

இதைப் படித்த அன்றிரவு எனக்கு அந்த வீங்கிய கண் நினைவுக்கு வந்தது. "பேரைச் சொல்லட்டோ?" என்று அவள் கேட்டாளே!

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? இத்தொழிலைத் தாம் போற்றவோ ஒழுக்கமென ஏற்கவோ இல்லை என்று முதலிலேயே தெளிவாகக் கூறுகிறது. பின், வயது வந்தோர் தம் விருப்பத்தோடு செய்வதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்குகிறது. நால்வர் வரை சேர்ந்து தாமே தொழில் செய்தால் உரிமம் வேண்டியதில்லை. எந்த வேளையிலும், பணம் பெற்ற பின்னரும், மறுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. அவளை வற்புறுத்துபவனுக்குப் பதினான்கு ஆண்டுவரை சிறை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவரிடம் செல்பவனுக்கு ஏழாண்டுவரை சிறை. அதில் பிள்ளைக்குக் குற்றம் இல்லை. இத்தொழிலை விட்டு வருபவளுக்கோ செய்ய மறுப்பவளுக்கோ வேலையற்றோர் உதவிப் பணத்தை மறுக்கலாகாது. இந்த இறுதி விதி சிறிதாகத் தோன்றினும் பெரிது. வெளியேறும் வாசலும் திறந்திருக்க வேண்டுமல்லவா?

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. இப்பொருளைப் பேசுவோர் பலர் இரண்டு வேறு செய்திகளை ஒன்றாக்கிக் குழம்புகின்றனர். குற்றநீக்கம் என்பது, இதைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, பிற தொழில்களுக்குள்ள விதிகளுக்கு உட்படுத்துவது. உரிம முறை என்பது, அரசே பதிவேடு வைத்து, பதிந்தவர்களை மட்டும் அனுமதித்து, பதியாதவர்களைத் தண்டிப்பது. 2017 முதல் ஜேர்மனி பதிவைக் கட்டாயமாக்கியது. பெயரைப் பதிவேட்டில் எழுத அஞ்சும் ஏழைப் பெண் அம்முறையில் மீண்டும் சட்டத்துக்குப் புறம்பானவளாகிறாள். நியூசிலாந்து முதல் வழியைத் தேர்ந்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அதற்கு முன்பே, 1979இலும் 1995இலும், அவ்வழியில் அடியெடுத்து வைத்திருந்தது. பின் அந்நாட்டின் விக்ரோரியா மாநிலம் 2022இலும், குயின்ஸ்லாந்து 2024இலும் சட்டம் இயற்றின. ஐரோப்பாவில் பெல்ஜியம் 2022இல் இதே வழிக்கு வந்தது.

பலன் யாது? ஐந்தாண்டுக்குள் மீளாய்வு செய்யவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அதன்படி அமைந்த குழு 2008இல் அறிக்கை தந்தது. தொழிலுக்கு வருவோர் பெருகிவிடுவர் என்று எதிர்த்தோர் கூறிய அச்சம் மெய்ப்படவில்லை. 772 தொழிலாளரிடம் நடத்திய ஆய்வில், நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல், மறுப்பதற்கு இப்போது முன்னிலும் துணிவு உண்டு என்றனர். ஆனால் வன்முறையைச் சட்டம் பெரிதாகக் குறைத்துவிடாது என்று அவர்களுள் பலர் கூறியதையும் குழு மறைக்காமல் எழுதியது. 2014இல் ஒரு நிகழ்ச்சி நடந்தது. விடுதி நடத்தியவன் தன்னை ஆபாசப் பேச்சால் துன்புறுத்தினான் என்று ஒரு பெண் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டாள். தீர்ப்பாயம் அவளுக்கு 25,000 டொலர் இழப்பீடு வழங்கியது. இத்தொழில் செய்பவளுக்கும் வேலைத்தலத்தில் மானம் உண்டு என்று ஒரு நீதிபீடம் எழுதிவைத்தது. அவளிடம் எவரும் குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்கவில்லை.

அச்சட்டத்தில் ஒரு குறையும் உண்டு. தற்காலிக அனுமதியில் நாட்டுக்குள் வந்த அந்நிய நாட்டவர் இத்தொழில் செய்யலாகாது என்று ஒரு பிரிவு கூறுகிறது. ஆட்கடத்தலைத் தடுக்க எழுதப்பட்ட பிரிவு அது. ஆனால் நாடு கடத்தப்படுவோம் என்று அஞ்சும் பெண் பொலிசாரிடம் போவாளா? எல்லோருக்கும் திறந்த வாசல், மிகவும் தனித்து நிற்பவளுக்கு மட்டும் அடைபட்டது.

எதிர்ப்போர் சொல்வது

எதிர்க்கட்சியின் வாதத்தை ஒதுக்கிவிட்டு நம் பக்கத்தை மட்டும் பேசுவது பட்டிமன்றத்துக்குச் சரியாகலாம், வாழ்க்கைக்குச் சரியாகாது. எதிர்ப்போருள் வெறும் ஒழுக்கவாதிகள் மட்டும் இல்லை. பெண்ணுரிமைக்காக வாழ்நாளை ஈந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன்.

அவர்கள் காட்டும் நாடு சுவீடன். 1999ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து அங்கே வாங்குபவன் குற்றவாளி. விற்பவள் குற்றவாளி அல்லள். வறுமையும் கடனும் வன்முறையும் துரத்தித்தான் பெண் இங்கே வருகிறாள். துரத்தி வந்த ஒருத்தியின் இசைவை இசைவு என்பது கேலி. ஆகவே வாங்குபவனைத் தண்டித்துச் சந்தையையே மூடுவோம் என்பது அவர்கள் நெறி. நோர்வேயும் ஐஸ்லாந்தும் 2009இல் அதைப் பின்பற்றின. கனடா 2014இலும், பிரான்ஸ் 2016இலும், அயர்லாந்து 2017இலும் சேர்ந்தன. ஜோசபின் பற்லர் தம் பக்கம் என்று இவர்கள் சொல்வர். குற்றநீக்கம் கேட்போரும் அவ்வாறே சொல்வர். ஓரளவுக்கு இரு சாராரும் சொல்வது சரியே. அம்மையார் இத்தொழிலை வெறுத்தார். அதனினும் அதிகமாக, பெண்ணை மட்டும் தண்டிக்கும் சட்டத்தை வெறுத்தார்.

இன்னொரு வலுவான வாதம் ஆட்கடத்தல் பற்றியது. 150 நாடுகள் வரையிலான தரவுகளைக் கொண்டு 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இத்தொழிலைச் சட்டம் அனுமதித்த நாடுகளுக்குக் கடத்தப்பட்டு வருவோர் அதிகம் என்று காட்டியது. அவ்வாய்வைச் செய்தவர்களே, களவாக நடப்பதன் கணக்கு முழுமையாகாது என்றும், தடை செய்தால் விருப்போடு தொழில் செய்வோரின் நிலை கெடும் என்றும் எச்சரித்திருக்கின்றனர். ஆயினும் சந்தை விரிந்தால் அதற்குச் சரக்குத் தேடும் கொடியவரும் பெருகக் கூடும் என்ற அச்சத்தை நாம் தட்டிவிட முடியாது.

மறுபுறம், ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்ட் என்னும் சிறு மாநிலத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1980இல் சட்டத்தைத் திருத்தியபோது, கட்டிடத்துக்குள் நடக்கும் தொழில் குற்றப் பட்டியலிலிருந்து எவரும் எண்ணாமல் விடுபட்டுப் போயிற்று. 2003இல் நீதிமன்றத் தீர்ப்பொன்று அதை வெளிப்படுத்தியது. 2009இல் மீண்டும் குற்றமாக்கினர். இடைப்பட்ட காலத்தை ஆராய்ந்த பொருளியலாளர் இருவர், அம்மாநிலத்தில் பதிவான பலாத்காரக் குற்றங்கள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதும், பெண்களிடையே கொணோறியா நோய் நூற்றுக்கு நாற்பது அளவும் குறைந்திருந்தன என்று 2018இல் எழுதினர். ஒரு மாநிலத்தின் ஆறாண்டுக் கணக்கைக் கொண்டு உலகத்துக்கு விதி வகுக்க முடியாது. ஆனால் குற்றநீக்கம் வந்தால் ஊர் கெட்டுவிடும் என்போர் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

சுவீடன் வழியில் எனக்குள்ள ஐயம் ஒன்றே. வாங்குபவன் பொலிசுக்கு அஞ்சினால் அவன் இருட்டான இடத்தைத் தேடுவான். அவனை நம்பிப் பிழைப்பவளும் அந்த இருட்டுக்குள் செல்ல வேண்டும். அவன் முகத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, இவன் ஆபத்தானவனா என்று எடைபோட அவளுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களும் போய்விடும். அவளைக் குற்றவாளி அல்லள் என்று சட்டம் சொன்னாலும், அவளைச் சுற்றியுள்ளதெல்லாம் குற்றமாக இருக்கும்வரை அவள் பொலிஸ் நிலையத்துக்கு மனமுவந்து போகமாட்டாள். அவளுக்கு வீடு வாடகைக்குத் தந்தவனும், அவளோடு பாதுகாப்புக்காகத் தங்கியிருக்கும் தோழியும் அகப்பட்டுக்கொள்வார்களே என்ற அச்சம் அவளைத் தடுக்கும்.

பெயர் வைத்தவர்கள்

இலக்கியம் படிப்போருக்கு இன்னுமொன்று சொல்லவேண்டும். பரத்தை, கணிகை, பொருட்பெண்டிர், வரைவின் மகளிர், விலைமகள், தாசி என்று தமிழில் இவர்களுக்குப் பெயர்கள் பல. திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. இத்தனை பெயர்களுள் அப்பெண்கள் தாமே தமக்கு வைத்துக்கொண்டது ஒன்றேனும் உண்டா என்று நான் தேடியதுண்டு. எல்லாம் பிறர் வைத்த பெயர்கள். பெரும்பாலும் ஆடவர் வைத்தவை. பாலியல் தொழிலாளி என்று இன்று பத்திரிகைகள் எழுதும் சொல்லின் ஆங்கில மூலமோ, 1970களின் இறுதியில் அமெரிக்காவிலே கரோல் லீ என்னும் பெண் உண்டாக்கியது. அவர் அத்தொழிலில் இருந்தவர். எம் தபாலதிபருக்கு இச்சொல் பிடிக்கவில்லை. இழிவைத் தொழில் என்று மெழுகுகிறது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் தொழிலாளி என்ற சொல்லோடு கூலி வருகிறது, காயத்துக்கு இழப்பீடு வருகிறது, முறைப்பாடு வருகிறது. விலைமகள் என்ற சொல்லோடு வருவது விலை ஒன்றுதான்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி விவாதம் எழும்போதெல்லாம், இத்தொழில் நல்லதா தீயதா என்ற கேள்வியிலேயே நம்மவர் நின்றுவிடுகிறார்கள். இது நல்ல தொழில் என்று நான் சொல்லவில்லை. என் மாணவி எவளும் இதற்குச் செல்வதை நான் விரும்பவும் மாட்டேன். எந்தத் தாயும் விரும்பமாட்டாள். ஆனால் வறுமையும் போரும் கைவிட்ட கணவன்மாரும் இருக்கும்வரை செல்வோர் இருப்பர். அவர்கள் செல்வதைத் தண்டத் தொகை தடுத்ததில்லை. நீதிமன்றத்தில் கட்டிய காசை ஈட்ட அன்றிரவே மீண்டும் தெருவுக்கு வரவேண்டும். அவர்களைத் தெருவில் வைத்திருப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறு இருக்க முடியாது.

ஆகவே சட்டசபைகள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இந்தச் சட்டத்தின்கீழ், அடிபட்ட ஒருத்தி விடிந்ததும் பொலிஸ் நிலையத்துக்கு அச்சமின்றிப் போக முடியுமா? போக முடியாதெனில், அது எவ்வளவு உயர்ந்த ஒழுக்கத்தின் பெயரால் எழுதப்பட்டிருந்தாலும், அடித்தவனுக்குக் காவலாக நிற்கும் சட்டமே. பிள்ளைகளைக் கெடுப்பவன், வற்புறுத்துபவன், கடத்துபவன், அடிப்பவன் ஆகியோரைத் தண்டிக்கும் சட்டங்கள் கடுமையாகவே இருக்கட்டும். அச்சட்டங்கள் நடைமுறையில் உயிர்பெறச் சாட்சி வேண்டும். சாட்சி சொல்லக் கூடியவள் ஒருத்தியே. அவளைத்தான் நாம் 1841 முதல் கூண்டில் ஏற்றிவந்திருக்கிறோம்.

என் மாணவிக்கு இனி நேராகவே விடை சொல்கிறேன். பிள்ளாய், காவிரிப்பூம்பட்டினத்தில் மாதவி முறையிட எந்த வாயில் இருந்தது என்று இளங்கோவடிகள் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே. கண்ணகி அரண்மனை வாயிலில் நின்றபோது, அவள் யார், எந்தக் குலம், எந்தத் தொழில் என்று ஆராய்ந்த பின்னரே அவள் வழக்குக் கேட்கப்படும் என்று பாண்டியன் சொல்லவில்லை. வந்தவளை உள்ளே அழைத்தான். அவள் சொன்னதைக் கேட்டான். தன் பிழை கண்டு உயிரை விட்டான். அந்த வாயில் மாதவிக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே இன்று உலகெங்கும் நடக்கும் இந்த விவாதத்தின் உட்பொருள் என்று எனக்குப் படுகிறது.

அந்தத் துவிச்சக்கரவண்டியை நான் மேலும் பதினோராண்டு ஓட்டினேன். அந்தப் பெண்ணை அதன்பின் நான் காணவில்லை. அவள் சொல்லவிருந்த பெயரை அன்று அந்த மண்டபத்தில் எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.